டிசம்பர் 31-ம் அத்தானோட எஸ்யூவியும்

டிசம்பர் 20 தாண்டிடுச்சுன்னா நியூஜெர்சியில் நம்ம ஆளுங்களுக்கு ஒரு ஜுரம் வரும். இருமல், சளி எல்லாம் கிடையாது. "வருஷம் முடியப் போகுதே, ஏதாவது வாங்கணுமே"ன்னு கை அரிக்கும், அவ்ளோதான். எல்லாருக்கும் வராது. சொந்தமா ஒரு கார்ப்பரேஷன் ஆரம்பிச்சு, அதுக்குத் தானே பிரசிடென்ட், தானே டைரக்டர், தானே ஆபீஸ் பையன்னு கான்ட்ராக்ட்ல பொட்டி தட்டுற கூட்டத்துக்கு மட்டும் வரும்.

எங்க அத்தானுக்கும் அது உண்டு. அத்தான்னா அக்கா வீட்டுக்காரர். எடிசன் பக்கம் குடியிருக்காங்க. நான் இருக்கறது வேற ஸ்டேட். கிறிஸ்துமஸ் லீவுக்கு அக்கா கையால தோசை சாப்பிடலாம்னு ஆசை ஆசையா போனா, சாப்பாட்டு மேசையில தோசைக்குப் பக்கத்துல பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்கும். "மாப்ள, இதைக் கொஞ்சம் பாரேன்" பாரு. இன்ஜினியரிங் படிச்சவனுக்கு எல்லாம் தெரியும்னு ஒரு நம்பிக்கை. நான் சிபிஏ இல்லைங்க. இதைப் படிச்சுட்டு யாரும் வரி தாக்கல் பண்ணிடாதீங்க, உங்க சிபிஏகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. ஆனா கழித்தல், பெருக்கல் எனக்குத் தெரியும். இந்தப் பதிவுக்கு அது போதும்.

சண்டை எதுக்குன்னு முதல்ல சொல்லிடறேன். "டிசம்பர் 31-க்குள்ள செலவு பண்ணிடு, இல்லாட்டி ஐஆர்எஸ் தூக்கிட்டுப் போயிடும்." ஒவ்வொரு பாட்லக்லயும் ஒரு அண்ணாச்சி பிரியாணித் தட்டைக் கையில வச்சுக்கிட்டு இதைச் சொல்றார். சுத்தி நிக்கிற பத்துப் பேர் தலையாட்டறாங்க. இதைவிட முட்டாள்தனமான ஒரு பொருளாதார அறிவுரையை நான் கேட்டதில்லை. சொல்றவர் நல்லவர்தான். அதான் பிரச்சனையே, நல்லவர் சொன்னா நம்பிடறோம்.

புதுசா படிக்கிறவங்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. எஸ் கார்ப்பரேஷன்னா கம்பெனி தனியா வருமான வரி கட்டாது. லாபம் கே-1ங்கற ஒரு தாள் வழியா முதலாளியோட சொந்தக் கணக்குல வந்து விழும், அவர்தான் வரி கட்டணும். கேஷ் பேசிஸ்னா காசு கைக்கு வந்தா வருமானம், கையைவிட்டுப் போனா செலவு. நம்ம ஊர் பெட்டிக்கடை அண்ணாச்சி நோட்டு மாதிரி. இன்னொரு முறை அக்ரூவல். அதுல பில் போட்ட அன்னைக்கே வருமானம், காசு வந்துச்சா வரலையாங்கறது உன் பாடு. இந்தியாவில் பிரைவேட் லிமிடெட்னா அக்ரூவல் மட்டும்தான், கம்பெனிச் சட்டம் வேற வழி தர்றதில்லை. அமெரிக்காவுல சின்னக் கம்பெனிக்குச் சலுகை உண்டு. சி கார்ப்பரேஷனா இருந்தா மூணு வருஷ சராசரி வரவு 50 லட்சம் டாலருக்குள்ள இருக்கணும்னு முன்னாடி ஒரு வரம்பு இருந்துச்சு. 2018-ல அதை இரண்டரைக் கோடி ஆக்கினாங்க, 2025-ல 3 கோடியே 10 லட்சம். எஸ் கார்ப்பரேஷனுக்குப் பெரும்பாலும் அந்த வரம்பு கூட இல்லை.

இந்தச் சலுகை எவ்வளவு பெருசுன்னு நம்மாளுங்களுக்குப் புரியறதே இல்லை. அத்தான் நவம்பர், டிசம்பர் ரெண்டு மாசம் உழைச்ச உழைப்புக்கு முப்பதாயிரத்துச் சொச்சம் டாலர் பில் போட்டிருப்பார். நடுவுல இருக்கற வெண்டார் 45 நாள் கழிச்சுத்தான் காசு தருவான் (தந்தா!). அந்தப் பணத்துக்கு இந்த வருஷம் ஒரு பைசா வரி கிடையாது. அக்ரூவலா இருந்தா வராத காசுக்கு வரி கட்டிட்டு, வெண்டாருக்குப் போன் போட்டுக் கெஞ்சிக்கிட்டு இருக்கணும். அதாவது ஒண்ணரை மாச வருமானத்தை அரசாங்கமே அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வச்சுக்கச் சொல்லுது. சும்மா உக்காந்திருந்தாலே கிடைக்கிற இந்த லாபத்தை விட்டுட்டு நம்மாளு கடைக்கு ஓடறான்.

சரி, கணக்குக்கு வருவோம். அத்தானும் அக்காவும் சேர்ந்து சம்பாதிக்கிறது 24 சதவீத வரி அடுக்குல வருது. ஒரு டாலர் செலவு காட்டினா 24 சென்ட் மிச்சம்னு அண்ணாச்சி சொல்வார். அதுவும் இல்லை! இந்த மாதிரி கம்பெனி லாபத்துல 20 சதவீதத்தை விட்டுட்டு மீதிக்குத்தான் வரின்னு 2018-லேர்ந்து ஒரு சட்டம் இருக்கு, 2025-ல அதை நிரந்தரமாவும் ஆக்கிட்டாங்க. லாபத்துல ஒரு டாலர் குறைஞ்சா அந்த 20 சதவீதக் கழிவும் சேர்ந்தே குறையுது. அதனால மிச்சம் 19.2 சென்ட்தான். மாநில வரியையும் சேர்த்தா கால் டாலர்னு வச்சுக்கலாம். தேவையில்லாத ஒரு பொருளுக்கு ஒரு டாலர் கொடுத்துட்டு கால் டாலர் திரும்ப வந்துச்சுன்னு சந்தோஷப்பட்டா, முக்கா டாலர் எங்கப்பா போச்சு? வரி கட்டியிருந்தா அந்த முக்கா டாலர் உன் பையில இருந்திருக்கும். ஆடித் தள்ளுபடியில 25 சதவீதம் கழிவுன்னு போர்டு பார்த்து வேண்டாத சேலையை வாங்கிட்டு வந்தா எங்கம்மாவை நாங்க எல்லாரும் கிண்டல் பண்ணுவோம். அதே தள்ளுபடியை ஐஆர்எஸ் கொடுத்தா மட்டும் 'டாக்ஸ் பிளானிங்'.

"ஏ மாப்ள, பொருள் கையில இருக்குல்ல?" இது அத்தானோட வாதம்.

இருக்கு. என்ன பொருள்னு சொல்றேன்.

2023 டிசம்பர் கடைசி வாரம். வீட்டுல ஏற்கனவே ரெண்டு கார். அண்ணாச்சி சொல்லிட்டார், மொத்த எடை அளவு 6,000 பவுண்டுக்கு மேல இருக்கற வண்டி வாங்கினா வாங்கின வருஷமே பெரும் பகுதியைக் கழிச்சுக்கலாம்னு. சட்டம் அப்படித்தான், பொய் இல்லை. 62,000 டாலருக்கு ஒரு எஸ்யூவி. வீடு வாங்க டவுன் பேமென்ட்டுக்குன்னு கம்பெனிக் கணக்குல விட்டு வச்சிருந்த பணத்துல 15,000 அதுக்குப் போச்சு, மீதி 47,000 கடன். வண்டி 31-ந் தேதிக்குள்ள கையில வந்து ஓடவும் ஆரம்பிச்சிருக்கணும், ஆர்டர் போட்டா மட்டும் பத்தாதுன்னு டீலரை விரட்டி விரட்டி 30-ந் தேதி ராத்திரி பனியில ஓட்டிட்டு வந்தார். அக்கா எலுமிச்சம்பழம் வச்சா. நான் பின் சீட்டுல உக்காந்து "சூப்பர் அத்தான்"னு சொன்னேன். அன்னைக்கு நானும் கணக்குப் போட்டுப் பார்க்கலை, அந்தப் பாவம் எனக்கும் உண்டு.

80 சதவீதம் தொழிலுக்கு ஓட்டறதா கணக்கு. அன்னைக்கு இருந்த விதிப்படி முதல் வருஷமே 46,000 சொச்சம் கழிவு கிடைச்சது. மத்திய அரசு வரி, மாநில வரி ரெண்டும் சேர்த்து பத்து, பதினோராயிரம் டாலர் மிச்சம் ஆகியிருக்கும். (நியூஜெர்சி இந்தக் கழிவை அப்படியே ஏத்துக்காது, அது தனிக் கணக்கு கேக்கும். அண்ணாச்சி இதையெல்லாம் சொல்லவே மாட்டார்.) இப்ப கடன் பக்கம் வாங்க. ஏழரை சதவீத வட்டி, 60 மாசம், மாசம் 940 டாலர் சொச்சம். மொத்த வட்டி மட்டும் 9,500! வரியில மிச்சம் பண்ணதைக் கிட்டத்தட்ட அப்படியே பேங்க்காரன் வாங்கிக்கிட்டான். இன்சூரன்ஸும் பெட்ரோலும் போனஸ். சரி, இதோட முடிஞ்சுதான்னா இல்லை.

2024 பிப்ரவரியில் கான்ட்ராக்ட் முடிஞ்சு போச்சு. பட்ஜெட் இல்லையாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மெயில், அவ்வளவுதான். நாலு மாசம் வீட்டுல. அக்கா சம்பளத்துல குடும்பம் ஓடிச்சு. வண்டித் தவணை மட்டும் மாசம் பொறந்தா டாண்ணு வந்து நின்னுச்சு. பொண்ணோட பாட்டு கிளாஸை நிறுத்தினாங்க. அப்ப அந்தப் பொண்ணு எங்கிட்ட போன்ல, "மாமா, நான் சரியா பாடலையா?"ன்னு கேட்டா. இந்தப் பதிவை நான் எழுதறதுக்குக் காரணமே அந்தக் கேள்விதான், மத்ததெல்லாம் அப்புறம்.

ஜூன்ல அத்தான் ஒரு கம்பெனியில நிரந்தர வேலையில சேர்ந்தார். கார்ப்பரேஷன் தூங்க ஆரம்பிச்சுது. எஸ்யூவி குடும்ப வண்டி ஆயிடுச்சு, பட்டேல் கடை, கோயில், ஸ்கூல். அடுத்த வருஷம் வரி தாக்கல் நேரத்துல சிபிஏ சாவகாசமா ஒரு விஷயத்தைச் சொன்னார். இந்த மாதிரி வேகமாக் கழிச்ச வண்டியோட தொழில் உபயோகம் பின்னாடி ஒரு வருஷம் பாதியோ அதுக்குக் கீழேயோ போனா, சாதாரண தேய்மானத்துக்கு மேல எடுத்ததையெல்லாம் திரும்ப வருமானமாக் காட்டணும். கழிச்சது 46,000 சொச்சம். சாதாரணக் கணக்குல கிடைச்சிருக்க வேண்டியது 5,000-க்கும் கொஞ்சம் கம்மி. ஆக 41,000 டாலர், வேலையில்லாம நாலு மாசம் உக்காந்த வருஷத்துல, கைக்கே வராத வருமானமா வந்து உக்காந்துச்சு. கேஷ் பேசிஸாம்! அத்தான் முகத்தைப் பார்க்க முடியலை. அக்கா ஒண்ணுமே பேசலை, அடுப்படியில பாத்திரம் மட்டும் பேசிச்சு.

நம்ம தொழில் பாஷையில சொன்னா, டிசம்பர் கழிவுங்கறது பக்கை சரி பண்றது இல்லை, அடுத்த ரிலீஸுக்குத் தள்ளி விடறது. தள்ளி விட்ட பக் அங்க உனக்காகக் காத்துக்கிட்டுத்தான் இருக்கும். 2023-ல முழுசா கழிச்ச வண்டிக்கு 2024-ல, 2025-ல கழிக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது. அந்த வருஷங்கள்ல வரி ஏறும். அதைச் சமாளிக்க அந்த டிசம்பர்ல இன்னொரு வண்டியா? எத்தனை வண்டியை நிறுத்துவ, அபார்ட்மென்ட்ல பார்க்கிங் ரெண்டுதானே!

நியாயமா ஒண்ணு ஒத்துக்கணும். அடுத்த வருஷம் வருமானம் குறையும், வரி அடுக்கு இறங்கும்னு உறுதியாத் தெரிஞ்சா, செலவை இந்த வருஷத்துக்கு இழுக்கறதும் வருமானத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளறதும் உண்மையிலேயே லாபம். பிரசவத்துக்கு லீவு எடுக்கப் போறவங்க, திரும்ப காலேஜ் போறவங்க, ஊருக்கே கிளம்பறவங்க எல்லாம் இதைச் செய்யணும். எப்படியும் வாங்க வேண்டிய லேப்டாப்பை ஜனவரி 5-க்குப் பதிலா டிசம்பர் 28-ல வாங்கறதும் தப்பே இல்லை. கிரெடிட் கார்டுல தேய்ச்சா தேய்ச்ச தேதிதான் கணக்கு, கார்டு பில்லை ஜனவரியில கட்டிக்கலாம். தேவை முதல்ல, தேதி அப்புறம். நம்மாளு தேதியைப் பார்த்துட்டு தேவையைத் தேடறான்.

இந்த ஜுரத்துல இன்னொரு வகை இருக்கு. அது செலவு இல்லை, சித்து விளையாட்டு. அத்தானோட நண்பர் ஒருத்தர், பேர் வேண்டாம், டிசம்பர் 29-ந் தேதி தபால்ல வந்த செக்கை பூஜை அலமாரியில பிள்ளையார் படத்துக்குப் பின்னாடி வச்சுடுவார். ஜனவரி 2-ந் தேதி எடுத்து பேங்க்ல போடுவார். கேட்டா, "கேஷ் பேசிஸ்யா, பேங்க்ல விழுந்தாத்தான் வருமானம்." அதாவது பணம் பிள்ளையாருக்குத்தான் வந்திருக்கு, இவருக்கு இன்னும் வரலை! சார், செக் உங்க கைக்கு வந்த நிமிஷமே அது வருமானம். டிசம்பர் 31-ந் தேதி சாயங்காலம், பேங்க் மூடின பிறகு கைக்கு வந்த செக் கூட அந்த வருஷ வருமானம்தான்னு 1952-லயே டாக்ஸ் கோர்ட் சொல்லியாச்சு. நம்ம தாத்தா காலத்துத் தந்திரம், தாத்தா காலத்துலயே தோத்துப் போச்சு. உனக்காக எடுத்து வச்சாச்சு, நீ எப்ப வேணா வந்து வாங்கிக்கலாம்னு இருக்கற பணத்தை வாங்காம இருந்தாலும் அது வந்த மாதிரிதான். உண்மையிலேயே தள்ளணும்னா, டிசம்பர் கடைசியில முடிச்ச வேலைக்கு ஜனவரி முதல் வாரம் பில் அனுப்புங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நேர்வழி அவ்வளவு சுலபமா இருக்கும்போது பிள்ளையாரை எதுக்கு உடந்தையாக்கணும்?

இதே ஆள் செலவுப் பக்கம் வரும்போது தலைகீழ். டிசம்பர் 31-னு தேதி போட்டு செக் எழுதி, கவர்ல வச்சு, ஒட்டி, தன் மேஜைக்குள்ளயே ஜனவரி 20 வரைக்கும் வச்சிருப்பார். "எழுதியாச்சுல்ல, செலவுதான்." அனுப்பணும்யா! 31-ந் தேதி தபால்ல போட்டா போதும், அது பேங்க்ல பிறகு பாஸ் ஆகிக்கட்டும், செலவு அந்த வருஷம்தான். வரும்போது 'பேங்க்ல விழணும்', போகும்போது 'பேனாவால எழுதினா போதும்'. ஒரே மனுஷன், ஒரே வாரம், ரெண்டு விதி.

"பேங்க்லேர்ந்து போனதெல்லாம் செலவு"ங்கறதும் பொய்தான். கடனோட அசல் கட்டினா செலவு இல்லை, வட்டி மட்டும்தான். முன்கூட்டியே கட்டற இன்சூரன்ஸ் மாதிரி விஷயங்களுக்கு 12 மாச விதி ஒண்ணு இருக்கு. 2025 டிசம்பர்ல கட்டின பிரீமியம் 2026 ஜனவரியிலேர்ந்து டிசம்பர் வரைக்கும்னா முழுசா 2025-லயே கழிக்கலாம். அதே பிரீமியம் பிப்ரவரியில ஆரம்பிச்சு 2027 ஜனவரியில முடிஞ்சா முழுசாக் கழிக்க முடியாது, ஏன்னா அடுத்த வருஷக் கடைசியைத் தாண்டிடுது. ஒரு மாச வித்தியாசம். மூணு வருஷத்து ஹோஸ்டிங் காசை மொத்தமாக் கட்டிட்டு "இந்த வருஷமே கழிச்சாச்சு"ன்னு மார்தட்டினவரை எனக்குத் தெரியும்.

எல்லாத்தையும் விடப் பெரிய பொய்யை அமெரிக்க காங்கிரஸே செஞ்சுது, அதுவும் நம்ம தொழில்லயே கை வச்சு. 2017-ல போட்ட வரிச் சட்டத்துல ஒரு வெடியை 2022-க்குத் திரி வச்சுட்டுப் போனாங்க. சாஃப்ட்வேர் உருவாக்க ஆகற செலவை அந்த வருஷமே கழிக்கக் கூடாது, அமெரிக்காவுல செஞ்சா அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சுக் கழி, வெளிநாட்டுல செஞ்சா 15 வருஷத்துக்குன்னு. ஒரு சின்ன சி கார்ப்பரேஷனை எடுத்துக்குங்க. சொந்தமா ஒரு சாஃப்ட்வேர் செய்யறாங்க, கேஷ் பேசிஸ். வரவு அஞ்சு லட்சம் டாலர். டெவலப்பர் சம்பளம் நாலரை லட்சம். லாபம் 50,000. ஆனா முதல் வருஷம் அரை வருஷக் கணக்குதான், அதனால சம்பளத்துல பத்துல ஒரு பங்கு, 45,000 மட்டும் கழிவு. வரிக்கு உரிய லாபம் நாலு லட்சத்து 55 ஆயிரம். 21 சதவீதம் வரி 95,550. கையில இருக்கறதோ 50,000! சம்பாதிச்சதைவிட வரி ஜாஸ்தி. கேஷ் எங்க, பேசிஸ் எங்க? சம்பளம் பேங்க்லேர்ந்து போயே போச்சு, வாங்கினவன் அதுக்குத் தனியா வரியும் கட்டிட்டான், முதலாளிக்கு மட்டும் அது போகாத பணம். மூணு வருஷம் இந்தக் கூத்து நடந்துச்சு. 2025 ஜூலையில போட்ட சட்டத்துலதான் உள்நாட்டுச் செலவுக்கு இதை நீக்கினாங்க, சின்னக் கம்பெனிங்க பழைய வருஷங்களையும் திருத்திக்க வழி விட்டாங்க. வெளிநாட்டுக்கு 15 வருஷம் அப்படியேதான் இருக்கு. கோயம்புத்தூர்ல நாலு பசங்களை வச்சு சொந்த ப்ராடக்ட் செய்யற எடிசன் கம்பெனிக்காரர், டிசம்பர்ல அவங்களுக்கு போனஸ் அனுப்பி லாபத்தைக் குறைச்சுட்டதா நினைச்சா, முதல் வருஷம் முப்பதுல ஒரு பங்குதான் கழிவுன்னு ஏப்ரல்ல தெரிஞ்சுக்குவார். பாட்லக் அண்ணாச்சி இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. எஸ்யூவி எடை பவுண்டுக் கணக்குல தெரியுது, இது தெரியலை.

சரி, டிசம்பர்ல கார்ப்பரேஷன்காரன் சும்மா இருக்கணுமான்னா, இல்லை. செய்ய வேண்டியது இருக்கு. அதுல கடைக்குப் போற சந்தோஷம் இல்லாததால யாரும் செய்யறதில்லை.

உதாரணத்துக்கு ஹெல்த் இன்சூரன்ஸ். எஸ் கார்ப்பரேஷன்ல 2 சதவீதத்துக்கு மேல பங்கு வச்சிருக்கறவருக்குக் கம்பெனி கட்டற பிரீமியத்தை அவரோட டபிள்யூ-2-ல சம்பளமாச் சேர்த்துக் காட்டணும். காட்டினாத்தான் சொந்தக் கணக்குல அதைக் கழிக்கலாம். வருஷக் கடைசி பேரோல் ஓட்டும்போது சேர்க்க வேண்டிய ஒரு வரி. இதை மறந்துட்டு மார்ச்ல உக்காந்து டபிள்யூ-2 திருத்தினார் அத்தான். அப்புறம், வருஷம் முழுக்க காலாண்டு வரி சரியாக் கட்டலைன்னா டிசம்பர் சம்பளத்துல கூடுதலாப் பிடிச்சுக் கட்டிடலாம். சம்பளத்துல பிடிச்ச வரி வருஷம் முழுக்கச் சமமாக் கட்டினதா எடுத்துக்குவாங்க, தாமத அபராதம் தப்பும். எவ்ளோ அருமையான சலுகை, இதுக்கு ஒரு பாட்லக்லயும் கைதட்டல் இல்லை.

சம்பளம்னதும் ஞாபகம் வருது. லாபமா எடுத்தா சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர்னு 15.3 சதவீதம் போகாதுன்னு தனக்குத் தானே கொசுறுச் சம்பளம் கொடுத்துக்கற வியாதியும் இதே கூட்டத்துக்கு உண்டு. ரெண்டு லட்சம் சம்பாதிச்சு 40,000 சம்பளம். அயோவாவில் ஒரு அக்கவுன்டன்ட்டே இதைச் செஞ்சார். வருஷத்துக்கு 24,000 சம்பளம், மீதி ரெண்டு லட்சம் பங்காதாயமா எடுத்தார். நியாயமான சம்பளம் 91,044 டாலர்னு கோர்ட் சொல்லி, 2012-ல அப்பீல்லயும் அதுவே நின்னுச்சு. அக்கவுன்டன்ட்டுக்கே இந்த கதின்னா பொட்டி தட்டுறவன் எம்மாத்திரம். சம்பளத்தைக் குறைச்சா இன்னொரு நஷ்டமும் உண்டு. உங்க 401(கே)-யில கம்பெனி போடற பங்கு சம்பளத்துல 25 சதவீதம்தான். 40,000-க்கு 10,000. ஒரு லட்சத்துக்கு 25,000. அந்தப் பணம் உங்க பேர்லயே இருக்கற பணம், தேயாது, இன்சூரன்ஸ் கேக்காது, பார்க்கிங் வேண்டாம். டிசம்பர் 31-க்குள்ள ஓடணும்கற அவசரம் கூட இல்லை. கம்பெனிப் பங்கை, வரி தாக்கல் கெடு வரைக்கும், நீட்டிப்பு வாங்கினா செப்டம்பர் வரைக்கும், கட்டிட்டு முந்தின வருஷத்துலயே கழிக்கலாம். கேஷ் பேசிஸ் விதியையே உங்களுக்காக வளைச்சுக் கொடுத்திருக்கான். கழிவு வேணும்னு கை அரிச்சா இங்க சொறிஞ்சுக்க வேண்டியதுதானே!

இதெல்லாம் இப்ப ஏன்னு கேட்டா, 2025 மார்ச்ல அத்தான் நிரந்தர வேலையை விட்டுட்டு மறுபடியும் கான்ட்ராக்டுக்கு வந்துட்டார், கார்ப்பரேஷனைத் தட்டி எழுப்பியாச்சு. அதே 2025-ல, ஜனவரி 19-க்குப் பிறகு வாங்கின சாமானுக்கு முதல் வருஷமே 100 சதவீதக் கழிவுன்னு பழைய சலுகையைத் திரும்பக் கொண்டு வந்துட்டாங்க. கேக்கணுமா? ஜுரம் போன வருஷங்களைவிட ஒரு டிகிரி ஜாஸ்தி. டிசம்பர் 27-ந் தேதி நான் அங்க இருந்தப்பவே பாட்லக் அண்ணாச்சி போன், ஸ்பீக்கர்ல. "தம்பி, இந்த வருஷம் முழுசா அடிக்கலாம்." அத்தான் என்னைப் பார்த்தார். நான் லேப்டாப்பைத் திருப்பி, 2023-லேர்ந்து அந்த வண்டிக்குப் போன காசு, வட்டி, திரும்பி வந்த 41,000, எல்லாத்தையும் ஒரே ஷீட்ல காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "அண்ணாச்சி, அப்புறம் கூப்பிடறேன்"ன்னு வச்சுட்டார்.

31-ந் தேதி ராத்திரி வரைக்கும் உக்காந்து பேரோல் ஓட்டினோம். இன்சூரன்ஸ் பிரீமியத்தைச் சம்பளத்துல சேர்த்தாச்சு, வரி கொஞ்சம் கூடுதலாப் பிடிச்சாச்சு, 401(கே)-க்கு அத்தான் பங்கும் போயாச்சு. மீதிப் பணம் பேங்க்ல அப்படியே இருக்கு, வரிக்கும் வீட்டுக்கும். பொண்ணு பக்கத்து ரூம்ல சரளி வரிசை பாடிக்கிட்டு இருந்தா, மறுபடி கிளாஸ் சேர்த்தாச்சு. பன்னெண்டு மணிக்கு அக்கா காபி கொண்டு வந்து வச்சுட்டுக் கேட்டா:

"ஏல, எஸ்யூவிக்கு நாலு டயரும் மாத்தணுமாம். அதை எந்தக் கணக்குல எழுதப் போறீங்க ரெண்டு பேரும்?"